தைல மரம் போட்டா பக்கத்துக் கிணறு வத்துமா? அளந்து பார்த்த கணக்கு யார்ட்டயாவது இருக்கா?

காஞ்சகாடு:

எல்லாருக்கும் வணக்கம். மானாவாரி நிலம் கொஞ்சம் சும்மா கெடக்கு, வருஷத்துக்கு சராசரியா 650 மிமீ மழை, அதுவும் ரெண்டு மூணு மாசத்துல கொட்டிட்டுப் போயிடும், மீதி நாளெல்லாம் வெயில்தான். ஆள் வச்சு வெள்ளாமை பண்ண கட்டுப்படியாகல, அதனால தைல மரம் போட்டு விட்டுடலாம்னு ஒரு யோசனை. நாலஞ்சு வருஷத்துல வெட்டலாம், ஆடு மாடு கடிக்காது, வேர் பிடிச்சப்புறம் தண்ணி ஊத்தவே வேண்டாம்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா பக்கத்து நிலத்துக்காரர் வந்து ஒரே சண்டை, "ஒரு மரம் நாளைக்கு நூறு லிட்டர் உறிஞ்சும், என் கிணத்தை வத்த வச்சிட்டுத்தான் ஓய்வே"ங்கிறார். நாத்து விக்கிறவர்ட்ட கேட்டா "அதெல்லாம் கட்டுக்கதை, கம்மி தண்ணி குடிக்கிற மரமே இதுதான்"னு அடிச்சு சொல்றார். நெட்ல தேடினா பாதிப்பேர் அரக்கன்ங்கிறான், பாதிப்பேர் வரம்ங்கிறான். சும்மா வாய்ப்பேச்சு வேண்டாம், யாராவது அளந்திருந்தா சொல்லுங்க. தைலம் வேண்டாம்னா சவுக்கு, மலைவேம்பு மாதிரி வச்சா தண்ணி விஷயத்துல வித்தியாசம் இருக்கா?

கணக்குப்புள்ள:

நூறு லிட்டர் கதையை முதல்ல முடிச்சிடலாம், அது கால்குலேட்டர்ல ரெண்டு நிமிஷ வேலை. ஒரு ஏக்கர் 4047 சதுர மீட்டர். ஏக்கருக்கு 1000 மரம் வச்சா ஒரு மரத்துக்கு 4 சதுர மீட்டர் இடம். மரத்துக்கு நூறு லிட்டர்னா ஏக்கருக்கு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர், அதை அந்தப் பரப்புல பரப்பினா கிட்டத்தட்ட 25 மிமீ வருது. கொளுத்துற கோடையில திறந்து கெடக்குற ஏரித் தண்ணியே நாளைக்கு 10, 12 மிமீக்கு மேல ஆவியாகுறது அபூர்வம், வெயிலுக்கு அதுக்கு மேல தெம்பு கிடையாது. அப்போ இலை வழியா 25 மிமீ எப்படிப் போகும்? தனியா ஆத்தங்கரையில நிக்கிற பெரிய மரம் ஒரு நாளைக்கு நூறு லிட்டர், அதுக்கு மேலயும் குடிக்கும், அதைக் கொண்டுவந்து நெருக்கமா வச்ச தோட்டத்து மரம் ஒவ்வொண்ணுக்கும் பெருக்குனாதான் இந்தக் கூத்து.

இப்ப உங்க மழையை எடுங்க. 650 மிமீன்னா ஏக்கருக்கு வருஷத்துக்கு சுமார் 26 லட்சம் லிட்டர். 1000 மரத்துக்குப் பிரிச்சா மரத்துக்கு 2600 லிட்டர், அதாவது நாளைக்கு 7 லிட்டர் சொச்சம். கீழ சேமிப்புன்னு எதுவும் இல்லாத பட்சத்துல அந்த மரம் வருஷ சராசரியா இதுக்கு மேல குடிக்க வழியே இல்ல. அதனால உங்க பக்கத்துக்காரர் சொல்ற நம்பர் தப்பு. ஆனா அவர் பயம் தப்புன்னு நான் சொல்லல, ஏன்னா பெய்யுற 650-ஐயும் மரமே முடிச்சிட்டா கீழ இறங்கி கிணத்துக்குப் போக என்ன மிச்சம்?

ஓடைக்கரை:

கணக்குப்புள்ள கடைசி வரியில சொன்னதுதான் விஷயமே. இதை உலகத்துல பல எடத்துல ஓடைக்குக் குறுக்க அளவுத்தடுப்பு கட்டி வருஷக்கணக்கா அளந்திருக்காங்க. தென்னாப்பிரிக்காவுல இந்தச் சண்டை ரொம்ப காலம் முன்னாடியே ஆரம்பிச்சாச்சு, மரத்தோட்டம் ஓடையை வத்த வைக்குதுன்னு விவசாயிங்க கத்த, 1935-ல யோங்கர்ஸ்ஹூக்ல ஆராய்ச்சி நிலையம் போட்டு அளக்க ஆரம்பிச்சாங்க. அப்புறம் மொகோபுலான்னு ஒரு இடத்துல புல்வெளியா இருந்த ஒரு சின்ன நீர்ப்பிடிப்பு, அதாவது ஒரு ஓடைக்குத் தண்ணி வந்து சேர்ற நிலம், முழுக்க 1969-ல யூகலிப்டஸ், அதான் நம்ம தைல மரம், வச்சாங்க. ஒன்பதாவது வருஷம் ஓடை சுத்தமா நின்னுபோச்சு. பக்கத்துல பைன் வச்ச இன்னொரு ஓடை பன்னெண்டாவது வருஷம் நின்னுது. இதுல கவனிக்க வேண்டியது, அங்க மழை 1100 மிமீக்கு மேல, உங்க 650 இல்ல.

நம்ம நீலகிரியில கிளென்மார்கன்லயும் அளந்திருக்காங்க. புல்வெளி நீர்ப்பிடிப்புல பாதிக்கு மேல புளூகம்ங்கிற யூகலிப்டஸ் வகையை வச்சதுல முதல் பத்து வருஷத்துல ஓடைத்தண்ணி 16 சதவீதம் குறைஞ்சுது, வெட்டிட்டு கட்டையிலேர்ந்து துளிர்க்க விட்ட ரெண்டாவது சுத்துல 25 சதவீதம் குறைஞ்சுது. ஏன் ரெண்டாவது சுத்துல கூடுச்சுன்னா வேர் ஏற்கனவே கீழ ரெடியா இருக்கு, மேல தழைய வேண்டியதுதான் பாக்கி. நாத்து விக்கிறவங்க மறுதாம்புக்கு செலவே இல்லம்பாங்க, தண்ணிச் செலவு அதுல சேராது போல.

உலகம் முழுக்க இப்படி அளந்ததையெல்லாம் சேர்த்து 2005-ல ஜாக்சன்னு ஒரு ஆராய்ச்சியாளர் குழு போட்ட கணக்குல, மரத்தோட்டம் வந்த இடத்துல ஓடைத்தண்ணி சராசரியா வருஷத்துக்கு 227 மிமீ, அதாவது பாதிக்கு மேல, குறைஞ்சிருக்கு, 13 சதவீத ஓடைங்க ஒரு வருஷமாவது முழுசா காஞ்சிருக்கு. அதே வருஷம் வந்த இன்னொரு அலசல்தான் வறண்ட பூமிக்காரங்க பார்க்க வேண்டியது. பெய்யுற மழையில 10 சதவீதத்துக்கும் கம்மியா ஓடையில ஓடுற இடம்னா, மரம் வச்சா அந்த ஓட்டம் மொத்தமும் போயிடலாம்னு அதுல சொல்றாங்க. 30 சதவீதம் ஓடுற ஈரமான இடத்துலயே பாதி போகுது. இருக்கவனுக்குப் பாதி நஷ்டம், இல்லாதவனுக்கு முழு நஷ்டம்.

தென்னாப்பிரிக்கா 1998 தண்ணிச் சட்டத்துல வணிக மரத்தோட்டத்தை ஓடைநீரைக் குறைக்கிற தொழில்னே வகைப்படுத்தி, பம்பு வச்சு இறைக்கிறவனுக்கு மாதிரி அதுக்கும் லைசென்ஸ் வாங்கணும்னு வச்சுட்டாங்க. கர்நாடகாவுல 2017-ல புதுசா யூகலிப்டஸ் நடவே தடை போட்டாங்க.

பச்சைத்தலை:

மன்னிக்கணும் சார், இங்க எல்லாரும் சேர்ந்து மரத்தையே குத்தவாளிக் கூண்டுல ஏத்துற மாதிரி இருக்கு. மரம் இல்லாத பொட்டல்ல பெய்யுற மழை என்ன ஆகுது? மண்ணையும் சேர்த்து அடிச்சிட்டுப் போகுது, ஒரு சொட்டு கீழ இறங்குறதில்ல. இலைதழை விழுந்து மண்ணு பொலபொலன்னு ஆனாத்தான் தண்ணி உள்ள போகும். மரம் இருந்தா மழை வரும்னு ஸ்கூல்லயே படிச்சோமே, அதெல்லாம் பொய்யா? அதுவும் போக ஒரு கிலோ விறகுக்கு எவ்வளவு தண்ணின்னு பார்த்தா யூகலிப்டஸ் சிக்கனமான மரம், இதையும் அளந்துதான் சொல்லியிருக்காங்க, நாத்து விக்கிறவர் சொன்னது முழுப்பொய் இல்ல.

கணக்குப்புள்ள:

பச்சைத்தலை அண்ணே, கிலோவுக்கு சிக்கனம்ங்கிறது சரிதான். ஆனா கிலோ எத்தனை வருதுன்னும் பார்க்கணும்ல. கிலோவுக்கு கம்மியா குடிச்சு, அதையும் வருஷத்துக்கு பல மடங்கு கிலோ வளர்ந்தா ஏக்கர் கணக்குல மொத்தம் கூடத்தான் போகும். கிணத்துக்கு விறகோட கிலோ கணக்கு தெரியாது, ஏக்கர் கணக்குதான் தெரியும்.

மழை வரும்ங்கிறது அமேசான் மாதிரி கண்டத்து அளவு காட்டுல உண்மை, இலை விட்ட ஆவி காத்தோட போயி வேற எங்கயோ மழையா விழுது. நாலு ஏக்கர் தோட்டத்துக்கு மேல மட்டும் மேகம் வந்து நிக்காது.

மண்ணு பொலபொலன்னு ஆகுறது நிஜம், அதை நான் மறுக்கல, அதுக்கு நல்ல உதாரணமே இருக்கு. புர்கினா பாசோவுல வயலுக்கு நடுவுல ஷியா மரம் அங்கங்க நிக்கிற நிலத்துல அளந்து 2016-ல எழுதியிருந்தாங்க. மரமே இல்லாத இடத்துல தண்ணி உள்ள இறங்கல, மரம் நெருங்கி நின்னா இறங்குனதை மரமே குடிச்சிடுது, நடுத்தரமா கொஞ்சம் மரம் நிக்கிற இடத்துலதான் அதிகமா கீழ இறங்குச்சு. அதனால "மரமா, பொட்டலா"ன்னு ரெண்டே ரெண்டுல ஒண்ணை எடுன்னு கேக்குறதே தப்பு, ஏக்கருக்கு எத்தனை, எந்த மரம்னுதான் கேக்கணும். ஆனா உங்க தைலத்தோப்புல ஏக்கருக்கு ஆயிரம், அங்க நிக்கிறது எண்ணிக்கையில கம்மி, அதைக் காட்டி இதுக்கு சப்பைக்கட்டு கட்ட முடியாது.

வேர்வரை:

எல்லாரும் மேலயே பேசிட்டிருக்கீங்க, கொஞ்சம் கீழ வாங்க. இந்தக் கேள்விக்கு பதில் மண்ணோட ஆழத்துல இருக்கு, மரத்தோட பேர்ல பாதிதான்.

கர்நாடகாவுல இயன் கால்டர்னு ஒரு நீரியல்காரர் குழு பல இடத்துல யூகலிப்டஸ் எவ்வளவு குடிக்குதுன்னு மரத்துலயே அளந்து பார்த்தாங்க. மண்ணு ஆழமில்லாத இடத்துல வந்த ரிசல்ட் தைலத்தைத் திட்டுறவனுக்கும் பிடிக்காது, தாங்குறவனுக்கும் பிடிக்காது. அங்க யூகலிப்டஸ் குடிச்சதும் பக்கத்துல இருந்த நாட்டு இலையுதிர் காடு குடிச்சதும் ஏறக்குறைய ஒண்ணுதான், ரெண்டுமே பெய்யுற மழையைக் கிட்டத்தட்ட மொத்தமா முடிச்சிடுது. கேழ்வரகு மாதிரி பயிர் அதுல பாதிதான் எடுக்குது. அதாவது தைலத்தை வெட்டிட்டு நாட்டுக்காடு வச்சாலும் அந்த மண்ணுல கிணத்துக்குப் பெருசா மிச்சம் வராது, கேழ்வரகு போட்டாத்தான் வரும்.

ஆனா ஹொசக்கோட்டேன்னு ஒரு இடத்துல மண்ணு ரொம்ப ஆழம். அங்க மூணு வருஷத்துல பெஞ்சது 2100 மிமீ, மரம் குடிச்சது 3400 மிமீ. படிச்சா யாருக்கும் முதல்ல மெஷின் கெட்டுப்போச்சோன்னுதான் தோணும். மிச்சம் 1300 எங்கேர்ந்து வந்துச்சு? அதுக்கு முன்னாடி புல்லும் பயிரும் இருந்த காலத்துல எட்டாத ஆழத்துல மண்ணுக்குள்ள தங்கியிருந்த ஈரம். ஆழமான மண்ணு மீட்டருக்கு 100-லேர்ந்து 150 மிமீ வரைக்கும் மரம் எடுக்கக்கூடிய ஈரத்தை வச்சிருக்கும், வேர் வருஷாவருஷம் கீழ இறங்கி எட்டு மீட்டரையும் தாண்டிருச்சு, ஒவ்வொரு வருஷமும் புதுசா ஒரு அடுக்கை காலி பண்ணுது. தாத்தா போட்டு வச்ச டெபாசிட்டை உடைச்சு ஜாலியா செலவு பண்ற மாதிரி, அந்த சில வருஷம் மரம் தளதளன்னு வளரும், அதைப் பார்த்துட்டுத்தான் எல்லாரும் மயங்குறது. டெபாசிட் தீர்ந்ததும் மழையை மட்டும் நம்பி நிக்கும், வளர்ச்சியும் இறங்கிடும்.

சீனாவுல லோயஸ் பீடபூமியில இதேதான் பெரிய அளவுல நடந்துச்சு. 1999-லேர்ந்து மலைச்சரிவெல்லாம் மரமும் புதரும் வச்சாங்க, மண்ணரிப்பு நிஜமாவே நல்லா குறைஞ்சுது, ஆனா மண்ணுக்குள்ள மழைத்தண்ணி எட்டாத ஆழத்துல நிரந்தரமா காஞ்ச ஒரு அடுக்கு உருவாகி நிக்குது. வட சீனாவுல அதுக்கு முன்னாடி வச்ச பாப்லர் மரங்க பல வருஷமாகியும் வளராம குட்டையா, நுனி காஞ்சு நிக்கிறதும் இதனாலதான்.

கண்ணால பார்க்கணும்னா ஒரு வேலை பண்ணுங்க. பக்கத்துல வயசான தைலத்தோப்பு எதுனா இருந்தா, உடையவர்ட்ட கேட்டுட்டு, மழைக்காலம் முடிஞ்ச கையோட கை ஆகர், அதாவது கையால திருகி மண்ணுல ஓட்டை போடுற கருவி, வச்சு தோப்புக்குள்ள ஒரு ஓட்டை, வரப்புக்கு இந்தப் பக்கம் வெறும் பயிர் நிலத்துல ஒரு ஓட்டை போடுங்க. நான் போட்டப்போ மேல் ரெண்டு அடி ரெண்டு பக்கமும் ஈரமாத்தான் இருந்துச்சு. அதுக்குக் கீழ பயிர் நிலத்து மண்ணு கையில பிடிச்சா உருண்டையா நின்னுது, விரல்ல கறை ஒட்டுச்சு. தோப்புப் பக்கம் ஆகர்ல வந்ததோ வெளிர்ந்துபோன பொடி, உருட்டினா நிக்கல, நடுவுல நூல் மாதிரி வேர். ஆகர் கைப்பிடிக்கே வித்தியாசம் தெரியும், அந்தப் பக்கம் கரகரன்னு சத்தம் போட்டுக்கிட்டு இறங்குச்சு.

இன்னொண்ணு, வறண்ட நாடுகள்ல நிறைய நடற கமால்டுலென்சிஸ்ங்கிற தைல மர ரகம் ஆஸ்திரேலியாவுல ஆத்தங்கரை மரம். வறட்சி தாங்கும்னு சொல்லி விக்கிறாங்க, அது தாங்குறதே கீழ தண்ணியைத் தேடிப் பிடிச்சித்தான். தெற்கு ஆஸ்திரேலியாப் பக்கம் அளந்ததுல நிலத்தடி நீர் 6 மீட்டருக்குள்ள இருந்த தோட்டங்க மழை போக சராசரியா வருஷத்துக்கு 435 மிமீ நேரா நிலத்தடியிலேர்ந்தே உறிஞ்சிருக்கு, அதுல யூகலிப்டஸும் இருந்துச்சு, பைனும் இருந்துச்சு. அங்கயும் அப்புறம் தோட்டத்தைத் தண்ணிக் கணக்குல சேர்த்துட்டாங்க. நாட்டு மரம்னா சாதுன்னும் நினைக்காதீங்க, ஆப்பிரிக்காவுல வறண்ட கலஹாரியில அந்த ஊர் நாட்டு மரமான போசியாவோட வேர் 68 மீட்டர் ஆழத்துல கிடைச்சிருக்கு.

காஞ்சகாடு தம்பி, உங்க மண்ணு எத்தனை அடி, கீழ பாறையா சரளையா, அந்தக் கிணத்துல இப்ப தண்ணி எத்தனை அடியில நிக்குது, இந்த மூணையும் சொன்னாத்தான் மேல பேச முடியும்.

காஞ்சகாடு:

அடேங்கப்பா, இவ்வளவு எதிர்பார்க்கல, ரொம்ப நன்றி. விசாரிச்சேன், பொக்லைன் வச்சு ஏற்கனவே ஒரு பக்கம் குழி எடுத்திருந்தாங்க. மேட்டுப் பக்கம் மூணு அடியிலயே பாறை, மண்வெட்டி டங்குன்னு அடிக்குது. பள்ளத்துப் பக்கம் செம்மண்ணு நல்ல ஆழம், குழியோட அடி வரைக்கும் மண்ணுதான். பக்கத்துக்காரர் கிணறு அந்தப் பள்ளத்துக்கு ஒட்டின மாதிரி இருக்கு, மழை முடிஞ்ச சமயம் இருபது அடியில தண்ணி நிக்குமாம். நானோ நல்ல மண்ணுன்னு அந்தப் பள்ளத்துலதான் முதல்ல நடலாம்னு இருந்தேன்! சரி வச்சுட்டு ஒத்து வரலன்னா வெட்டி எடுத்துட்டா தண்ணி பழையபடி வந்துடும்ல?

ஓடைக்கரை:

அங்கதான் மாட்டுவீங்க. மொகோபுலான்ல ஓடை நின்னதுக்கப்புறம் பதினாறு வருஷ மரத்தை மொத்தமா வெட்டிட்டாங்க, ஓடை பழையபடி வருஷம் முழுக்க ஓட அதுக்கப்புறம் அஞ்சு வருஷம் ஆச்சு. மரம் போயிடுச்சே, தண்ணி எங்க போகுதுன்னா, காஞ்சுகெடக்குற அத்தனை அடி மண்ணும் முதல்ல தன் வயித்தை நிரப்பிக்கும், அப்புறம்தான் ஓடைக்கு விடும். அது 1100 மிமீ ஊரு. 650 மிமீ மழையில, அதுல பயிரோ புல்லோ பாதிக்கு மேல எடுத்தது போக மீதி மட்டும் கீழ இறங்கி நிரப்பணும்னா எவ்வளவு நாள் ஆகும்னு நீங்களே யோசிங்க. அதுவும் வெட்டிட்டு கட்டையை விட்டா துளிர்த்திடும், கட்டையோட தோண்டி எடுத்தாத்தான் இந்தக் கணக்கே ஆரம்பிக்கும்.

வேர்வரை:

பள்ளத்துப் பக்கம் வேண்டவே வேண்டாம் தம்பி. ஆழமான மண்ணு, இருபது அடியில தண்ணி, அதாவது நான் சொன்ன அந்த 6 மீட்டர். வேர் போய்ச் சேர்ந்துடும், உங்க பக்கத்துக்காரர் கோவம் அப்ப நியாயமாகிடும். மேட்டுப் பக்கம் மூணு அடி பாறையில வச்சா பாறை வெடிப்புல கொஞ்சம் வேர் இறங்கும், மத்தபடி பெஞ்சதை மட்டும்தான் குடிக்க முடியும். கிணத்துக்கு அங்கேர்ந்து வர்ற ஊறல் குறையத்தான் செய்யும், அதை மறைக்க வேண்டாம். ஆனா பள்ளத்துல வச்சு நேரா தண்ணியில கை வைக்கிறதுக்கும் இதுக்கும் ரொம்ப தூரம். மரமும் அங்க சுமாராத்தான் வளரும், நாலு வருஷத்துல வெட்டலாம்ங்கிற கணக்கை மறந்துடுங்க.

ரகம் கேட்டீங்க. சவுக்கும் வருஷம் முழுக்க பச்சையா நிக்கிற ஜாதிதான், தைலத்துக்கு பதிலா சவுக்குன்னு போறதுல தண்ணிக்காக ஒரு லாபமும் பெருசா எதிர்பார்க்காதீங்க. மலைவேம்பு இலையை உதிர்க்கும், இலை இல்லாத நாள்ல குடிக்காது, அது நல்லது. ஆனா வேகமா வளரணும்னா அதுக்கு ஆரம்பத்துல தண்ணி பாய்ச்சணும், அந்தத் தண்ணி எந்தக் கிணத்துலேர்ந்து வரும்னும் யோசிங்க. வேகமா வளர்ற மரம் எதுவானாலும் இலை நிறைய, இலை நிறையன்னா தண்ணி நிறைய, பேரை மாத்தி இதுலேர்ந்து தப்பிக்க முடியாது. இடைவெளியைக் கூட்டி ஏக்கருக்கு இருநூறு, முந்நூறு மரம்னு வச்சு நடுவுல புல்லோ மானாவாரிப் பயிரோ விட்டா ஏதோ ஓரளவு கீழ இறங்க வாய்ப்பு இருக்கு. அப்பவும் மரம் பெருசாகி மேல ஒண்ணோட ஒண்ணு மூடிடுச்சுன்னா கழிச்சு விட்டுடணும்.

பச்சைத்தலை:

பள்ளத்துல மட்டும் வேண்டாம்ங்கிறதை நானும் ஒத்துக்குறேன். ஆனா வரப்போரமா கரை அரிக்கிற இடத்துல கொஞ்சம் நாட்டு மரம் வச்சுக்கோங்க தம்பி, எல்லாத்துக்கும் லிட்டர் கணக்கு பார்த்தா நிழலுக்குக்கூட ஒதுங்க முடியாது.

கணக்குப்புள்ள:

வைங்க வைங்க, அதுக்கு யாரும் லைசென்ஸ் கேக்க மாட்டாங்க 😄

காஞ்சகாடு, எங்க நட்டாலும் சரி, நடறதுக்கு முன்னாடி ஒரு காரியம். பக்கத்துக்காரரையும் கூட்டிக்கிட்டு மாசத்துக்கு ஒரு தடவை அவர் கிணத்துல கயிறு விட்டு தண்ணி மட்டத்தை அளந்து ரெண்டு பேர் நோட்டுலயும் எழுதுங்க, மழை எத்தனை மிமீன்னும் பக்கத்துலயே எழுதுங்க, ஒரு முழு வருஷமாவது ஓடட்டும். பம்பு ஓடி முடிச்ச கையோட அளக்காதீங்க, காலையில மோட்டார் போடறதுக்கு முன்னாடி அளங்க. இல்லன்னா நாளைக்கு மழை பொய்ச்சு கிணறு இறங்கினாலும் பழி உங்க மரத்து மேலதான் விழும், நிஜமாவே மரத்தால இறங்கினா நீங்களும் மழை மேல பழி போட்டுட்டுப் போயிடுவீங்க.

காஞ்சகாடு:

அளக்குற ஐடியா அவருக்குப் பிடிச்சிருக்கு, "முதல்ல அளப்போம், அப்புறம் சண்டை போட்டுக்கலாம்"ங்கிறார். பள்ளத்துல இந்த வருஷம் சோளம் விதைச்சு விடறேன், மேட்டுல மட்டும் இடைவெளி விட்டு கொஞ்சம் வச்சுப் பார்க்கறேன். வேர்வரை அண்ணே, மூணு அடியிலயே பாறை தட்டுற இடத்துல ஆகர் இறங்குமா, இல்ல பொக்லைன்காரரையே திரும்பக் கூப்பிடணுமா?

வேர்வரை:

மூணு அடிக்கு ஆகரே தாராளம், பாறை தட்டினா நிறுத்திடுங்க, நெம்பினீங்கன்னா தண்டு வளைஞ்சிடும். நாலஞ்சு இடத்துல போட்டுப் பாருங்க, பாறை எல்லா இடத்துலயும் ஒரே ஆழத்துல இருக்காது. பாறை தட்டாம இறங்கிக்கிட்டே போற இடத்தை மட்டும் குச்சி நட்டு அடையாளம் வச்சு, அங்க கன்னு வைக்காம விட்டுடுங்க.